சிசிலியில் தோற்றது யார்

எம்.ஏ. சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பேப்பர் பழைய கிரேக்கமும் ரோமும்தான். அதற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. இந்திய சரித்திரத்தில் ஏதாவது சொன்னால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். சோழர் என்று வாயைத் திறந்தால் என் மாமனார் திருத்துவார், வெள்ளைக்காரன் என்றால் என் வீட்டுக்காரர் திருத்துவார். ஏதென்ஸைப் பற்றி விழுப்புரத்தில் யாருக்கும் ஒரு கருத்தும் இல்லை. அங்கே நான் வைத்ததுதான் சட்டம்.

எண்பதுகளின் நடுவில், விழுப்புரம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். காணைக்குப் பக்கத்தில் ஓர் ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. படித்தேன். அதே பள்ளியில் நாலாம் வகுப்பு எடுத்தவரும் என்னோடு சேர்ந்தார். பிள்ளைகளுக்கு நான் அஞ்சாப்பு டீச்சர், அவர் நாலாப்பு டீச்சர். எங்களுக்குள் வெறும் டீச்சர். ஒரே வயது, ஒரே மேசை, ஒரே டிபன் கேரியரிலிருந்து சாப்பாடு. ஆனாலும் அந்த ‘ங்க’ மட்டும் எங்கள் பேச்சிலிருந்து போகவே இல்லை.

எங்கள் இருவருக்கும் படிப்பு ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நிலம் இருந்தது, வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை இருந்தது. எனக்கு எம்.ஏ. பேருக்குப் பின்னால் போடுகிற இரண்டு எழுத்து. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கரும்பு வெட்டி, அவரை பி.எட். வரை கொண்டு வந்தவர்கள். எம்.ஏ. கைக்கு வந்தால் அவர் மேல்நிலைப் பள்ளிக்குச் சரித்திர ஆசிரியராகப் போகலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சுக்குப் போய் அவருடைய அம்மா இதற்காகவே முழங்கால் போட்டு ஜெபம் செய்வதாகச் சொல்லுவார்.

மற்ற எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டார். கிரேக்கமும் ரோமும் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டன. ஞாபகசக்திக்கு அவரிடம் குறையே இல்லை. மூன்று தரம் வாய்விட்டுப் படித்தால் கமா, ஃபுல்ஸ்டாப்போடு நெஞ்சில் ஏறிவிடும். வம்பே அதில்தான். தபாலில் வந்த பாடங்கள் பல்லை உடைக்கிற இங்கிலீஷில் இருந்தன, அதுவும் பாதி வரவில்லை. வந்ததைப் புரியாமலே ஒப்பித்தார். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தார்.

அந்த வருடம் ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பேப்பர் எழுத இந்த மே மாதமே கடைசி வாய்ப்பு. இதில் தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பிடித்த பேப்பர் என்று கடைசிக்கு வைத்திருந்த எனக்கும் அது பாக்கி. அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “இந்த வாட்டி போச்சின்னா அவ்ளோதான், டீச்சர். மறுபடியும் ஆரம்பிக்க எனக்கு தெம்பு இல்ல,” என்றார்.

நான் உடனே வள்ளல் ஆகிவிட்டேன். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், நானே தமிழில் நோட்ஸ் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். விழுப்புரம் நூலகத்தில் கிரேக்கம், ரோம் பற்றி ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. பின் அட்டைச் சீட்டில் எனக்கு முன்னால் ஒரே ஒரு முத்திரை. எடுத்து வந்து, தவணை தவணையாகப் புதுப்பித்து, ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதித் தள்ளினேன். கிரேக்கப் பெயர் ஒவ்வொன்றும் தமிழில் அரை வரி பிடிக்கும். கை வலித்ததால் ஓர் இடத்தில் பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் முழுக்க ‘இவர்கள்’, ‘எதிரிகள்’ என்றே ஓட்டினேன். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்தபோது, இதை அச்சடித்தே விற்கலாம் என்று தோன்றியது. விழுப்புரத்தில் ஒரு பைண்டரிடம் கொடுத்து, தைத்து, காலிகோத் துணி ஒட்டி அவரிடம் நீட்டினேன். பைபிளை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். நான் அதற்கப்புறம் அந்த நோட்டைத் தொடவில்லை. எனக்கென்ன, நான் இங்கிலீஷ் புத்தகத்தையே படிக்கிறவள்.

தேர்வு மையம் திண்டிவனத்தில். மத்தியானம் இரண்டு மணிக்குத் தேர்வு. அன்றைக்கு அமாவாசை என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற பஸ்ஸுக்கெல்லாம் மேல்மலையனூர் ஸ்பெஷல் என்று பலகை மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திண்டிவனம் பஸ் எப்போது என்று கேட்டால், “இன்னிக்கி அங்காளம்மனுக்குத்தான் பஸ்ஸு, உங்களுக்கு வந்தா வரும்,” என்றார் நேரக் காப்பாளர். ஒரு வழியாகப் பதினொன்றரைக்கு ஒன்று வந்தது. “ஜல்தி ஏறும்மா, ஜல்தி!” என்று கண்டக்டர் விரட்ட, அடித்துப் பிடித்து ஏறி மூன்று பேர் சீட்டில் இடம் பிடித்தோம். ஜன்னலோரம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பது வயது இருக்கும், ஓர் அம்மாள். திண்டிவனத்தில் மகள் வீட்டுக்குப் போகிறவர். நடுவில் நாலாப்பு டீச்சர், ஓரத்தில் நான்.

அவர் நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டு, கண்ணையும் மூடி ஒப்பிக்க ஆரம்பித்தார். நான் சாய்ந்து உட்கார்ந்து கேட்டேன். என் தமிழ் எனக்கே இனித்தது. ஏதென்ஸ் பெரிய கப்பல் படையோடு சிசிலித் தீவுக்குப் போகிறது, அங்கே சிராகூஸ் நகரத்தை முற்றுகை போடுகிறது. வார்த்தை பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

“முற்றுகை நீண்டுகொண்டே போயிற்று. இவர்களுக்குக் கடற்போர் புதிது.”

கடற்போர் புதிதா? ஏதென்ஸுக்கா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“கரை ஒதுங்கிய எதிரிக் கப்பல் ஒன்றை மாதிரியாக வைத்து இவர்கள் கப்பல்கள் கட்டினார்கள். கப்பலின் முன்பக்கம் கொக்கி பொருத்திய பாலம் ஒன்றை அமைத்தார்கள். அதை எதிரிக் கப்பல் மீது சாய்த்து, தரைப்படையைப் போல் ஏறிச் சென்று போரிட்டார்கள்…”

அது ஏதென்ஸ் இல்லை. அது நூற்றைம்பது வருடம் கழித்து, அதே சிசிலிக்காக ரோம் கார்த்தேஜோடு போட்ட சண்டை. ஏதென்ஸ் சிசிலியில் ஜெயிக்கவே இல்லை. போன படையில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நோட்டைக் கேட்டு வாங்கி, சும்மா புரட்டுகிற மாதிரி ரோமப் பகுதியைப் பார்த்தேன். அங்கே ரோமாபுரிப் படை சிசிலிக்குப் போய், துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு, கைதாகிக் கல்குவாரியில் கிடந்து செத்துக்கொண்டிருந்தது. இரண்டு தாள் இங்கே, இரண்டு தாள் அங்கே, இடம் மாறித் தைத்திருந்தது. ஆறு வாரம் அதைத்தான் அவர் கமாவோடு மனப்பாடம் செய்திருக்கிறார்.

சொல்லலாமா, வேண்டாமா? விக்கிரவாண்டி வந்தது, போனது. தேர்வில் சிசிலிக் கேள்வி வராமலே போகலாம். வந்தாலும் சாய்ஸில் விட்டுவிடலாம். இப்போது சொன்னால் மனம் உடைந்து தெரிந்ததையும் மறந்துவிடுவார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை நியாயத்துக்கும் அடியில் ஒரே ஒரு பயம் உட்கார்ந்திருந்தது, அது அவருக்காக இல்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்துவிடுமே என்று.

ஏனென்றால் தாளின் மூலையில் எண் போட்டிருந்தது நான். பைண்டர் எண்ணைப் பார்த்துத்தான் தைத்திருக்கிறார். பங்குனி மாத மத்தியானம் ஒன்றில், பள்ளி வராந்தாவில் தாள்கள் காற்றில் பறந்ததும், பிள்ளைகள் ஓடிப் பொறுக்கி வந்ததும், நான் ‘சிசிலி – தொடர்ச்சி’ என்ற தலைப்பை மட்டும் பார்த்து அடுக்கி மளமளவென்று எண் போட்டதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு சண்டைக்கும் நான் அதே தலைப்பைத்தான் வைத்திருந்தேன்.

கூட்டேரிப்பட்டு நெருங்கியபோது மல்லாட்டை மூட்டைக்காரம்மா திரும்பி, “ரொம்ப நேரமா சண்ட கத சொல்லிக்கினு வர்றியே, கடசில யாரும்மா ஜெயிச்சது?” என்று கேட்டார்.

“ஏதென்ஸுதாம்மா,” என்றார் நாலாப்பு டீச்சர், சந்தேகமே இல்லாமல்.

“இல்ல,” என்றேன் நான். என்னையறியாமலே வந்துவிட்டது. “தோத்துட்டாங்க, டீச்சர். ஏதென்ஸ் தோத்துடுச்சி.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. நோட்டைப் பிரித்து அந்த இரண்டு இடத்தையும் காட்டினேன். அவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அப்புறம், “பேஜாரு புடிச்ச பைண்டரு! மாத்தி தெச்சிக் குடுத்துட்டானே பாவி!” என்று வெடித்தார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“இன்னும் ரெண்டு மணி நேரம் கூட இல்லயே, டீச்சர். இத்த எப்ப மறுபடியும் மனப்பாடம் பண்றது? போச்சி, எல்லாம் போச்சி,” என்று அவர் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“இன்னாத்துக்கு அழுவுற? கததானே? இவங்க சொல்லட்டும், கேட்டுக்கினு போயி எழுதிட்டு வா,” என்றார் அந்த அம்மாள். என்னைப் பார்த்து, “நீ சொல்லும்மா. அந்த ஊருக்காரன் அங்க எதுக்குப் போனான்?” என்றார்.

பஸ் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் கதை சொன்னேன். ஏதென்ஸ்காரனுக்கு உள்ளூரில் ஸ்பார்ட்டாவோடு தகராறு தீரவில்லை. அதற்குள் கடல் தாண்டி இன்னொரு ஊரைப் பிடிக்க ஆசை. போனான். ஸ்பார்ட்டா ஒரு தளபதியை அந்த ஊருக்கு உதவிக்கு அனுப்பியது. வேலைக்கு ஆகாது, திரும்பிப் போய்விடலாம் என்று ஏதென்ஸ் படை மூட்டை கட்டிய நேரத்தில் சந்திர கிரகணம் பிடித்தது. குறி பார்க்கிறவர்கள் இருபத்தேழு நாள் நகரக் கூடாது என்றார்கள்.

“கிரகணத்துல எப்பிடி பொறப்படறது? அவங்க இருந்தது சரிதான்,” என்றார் அம்மாள்.

“சரியில்லம்மா. அதுக்குள்ள எதிரி தொறமொகத்து வாசல கப்பலால அடச்சிட்டான்,” என்று சொன்னது நானில்லை, நாலாப்பு டீச்சர். முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், ரோமப் பகுதியில் படித்த தாளை இங்கே எடுத்து ஒட்ட ஆரம்பித்துவிட்டார். “அப்புறம் தரை வழியா ஓடினாங்க, புடிபட்டாங்க. ஏழாயிரம் பேர கல்குவாரியில போட்டு, குடிக்கத் தண்ணி கூட சரியா குடுக்கல. அது இவங்கதானா? நான் ரோமுன்னு நெனச்சி அழுதேன் டீச்சர்!”

அதில் சிலருக்கு நேர்ந்ததையும் சொன்னேன். ஏதென்ஸ் கவிஞர் ஒருவரின் செய்யுள் என்றால் சிசிலிக்காரர்களுக்கு உயிராம். அதை மனப்பாடமாகச் சொன்ன கைதிகளுக்குச் சோறு கொடுத்து விடுதலையும் செய்தார்களாம். “பாத்தீங்களா, மனப்பாடம் உயிரைக் காப்பாத்தியிருக்குது. நீங்கதான் எப்பப் பாத்தாலும் புரிஞ்சி படிங்க, புரிஞ்சி படிங்கன்னு உயிர எடுக்கறீங்க,” என்றார். அழுத கண்ணோடு சிரித்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஏதென்ஸ் ஜெயித்து, ரோம் தோற்றதாகப் படித்தவருக்கு, அடுத்த பாடத்தில் ஏதென்ஸ் அழிவதும் ரோம் உலகத்தையே பிடிப்பதும் உறுத்தவில்லையா? கேட்டேன்.

“இல்லியே,” என்றார். “ஜெயிச்சவங்க தல கனத்து ஆடி அழிஞ்சாங்க, தோத்தவங்க பட்டுத் தெரிஞ்சி முன்னுக்கு வந்தாங்க. அப்பிடித்தானே நடக்கும்?”

அந்தத் தடித்த புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

திண்டிவனம் வருவதற்குள் அவர் அந்த அம்மாளுக்கு முழுக் கதையையும் ஒரு தரம் திருப்பிச் சொன்னார். என் தமிழ் இல்லை, அவருடைய தமிழ். காணைத் தமிழில் ஏதென்ஸ்காரன் கப்பலேறினான், மாட்டினான், செத்தான். ரோமாபுரிக்காரன் கப்பல் கட்டக் கற்றுக்கொண்டு ஜெயித்தான். அம்மாள் இறங்கும்போது ஆளுக்கொரு கை மல்லாட்டை கொடுத்து, “எம்மாந்தூரம் போயி அடுத்தவன் ஊர புடிக்கணும்னா இப்பிடித்தான் ஆவும். நல்லா எழுதுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேள்வித்தாளில் இரண்டாவது கேள்வி: ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பு தோல்வியுற்றதற்கான காரணங்களை விளக்குக. இரண்டு வரிசை தள்ளி அவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மூன்று தடவை எழுந்து கூடுதல் தாள் வாங்கினார். நான் ஒரே ஒரு தடவை வாங்கினேன். வெளியே வந்ததும், “அந்தம்மா சொன்னதையே மொத காரணமா போட்டுட்டேன் டீச்சர், ரொம்ப தொலைவுன்னு,” என்றார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

அதோடு போயிருந்தால் என் தப்பு அந்த நோட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். விழுப்புரத்தில் இறங்கியதும் அவர், “வாங்க, அந்த பைண்டர நாலு கேள்வி கேக்காம எனக்குத் தூக்கம் வராது,” என்று விறுவிறுவென்று நடந்தார். வேண்டாம், நேரமாகிறது, உங்கள் பஸ் போய்விடும் என்று நான் பின்னால் ஓடியது எதுவும் காதில் விழவில்லை.

பைண்டர் வயதானவர், பசைக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை இறக்கி மூலையிலிருந்த எண்களைப் பார்த்தார். “நெம்பர் பாத்துதானேம்மா…” என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். தாள்களைக் கொண்டு போய்க் கொடுத்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். நிறுத்திக்கொண்டார். “நம்ம தப்புதாம்மா. கவனிக்கல. குடுத்துட்டுப் போங்க, பிரிச்சி ஒழுங்கா தெச்சித் தர்றேன்,” என்றார்.

முன்பின் பழக்கமில்லாத ஒரு மனிதர் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். அதைத் தாங்க முடியவில்லை. “அவர் தப்பு இல்ல, டீச்சர். எண் போட்டது நான். பஸ்ஸுலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சி,” என்றேன்.

நாலாப்பு டீச்சர் பைண்டரிடம் திரும்பி, “மன்னிச்சிக்குங்க ஐயா,” என்றார். நோட்டை வாங்கிப் பையில் வைத்தார். என்னிடம், “பஸ்ஸுக்கு நேரமாச்சி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூனில் பள்ளி திறந்தது. அதே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வருகைப் பதிவேடு, சாக்பீஸ், சத்துணவு எண்ணிக்கை, இவ்வளவுதான் பேச்சு. டிபன் கேரியரைத் தனியாகக் கொண்டு வர ஆரம்பித்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எதுக்கு இந்த வேலை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியான இடைவேளையில் தபால்காரர் இரண்டு நீள உறைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் என்னுடையதைப் பிரிக்கவில்லை. அவர் பிரித்து, படித்து, மறுபடியும் படித்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அப்புறம், ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக முழுசாக என் பக்கம் திரும்பினார்.

“பாஸு, டீச்சர்.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபெயிலாயிருந்தா உங்ககூட சாவற வரைக்கும் பேசறதில்லன்னு கர்த்தர் முன்னால முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அதான் இத்தினி நாளா ரிசல்ட்டுக்காகக் காத்துக்கினு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “பாஸாவணும்னு எனக்காக மட்டும் நான் வேண்டிக்கல,” என்றார்.

நான் அழுதேன். அழுது மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். அப்புறம் என் உறையைத் தானே எடுத்துப் பிரித்து, மார்க்கைப் பார்த்து, “என்னவிட எட்டு கம்மி,” என்று மனம் குளிரச் சொன்னார். டிபன் கேரியரைத் திறந்து கேப்பை அடையில் பாதியை என் பக்கம் தள்ளினார்.